பொடக்காளியில் பழ மல்பெரி

ராஸ்பெர்ரி நாற்று தேடி அலைகிறவர்கள் பொள்ளாச்சியிலும் உண்டு. நர்சரிகளிலும் இணையக் கடைகளிலும் அந்தப் பெயரில் செடி கிடைக்கிறது. வாங்கி வைத்தால் சில மாதம் தழைக்கவும் செய்யும். பழம்தான் வராது. கடைகளில் டப்பாவில் விற்கும் சிவப்பு ராஸ்பெர்ரி குளிர்நாட்டுப் பயிர். அதன் மொட்டு உறக்கம் கலைந்து பூக்க வேண்டுமானால், பெரும்பாலான ரகங்களுக்கு 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே 800 மணி நேரத்துக்கும் மேலாகக் குளிர் வேண்டும். மார்கழி விடியலில்கூடப் பொள்ளாச்சியில் அந்தக் குளிர் கிடையாது. பங்குனி, சித்திரை வெயிலோ செடியையே கருக்கிவிடும்.

இந்தியாவில் ராஸ்பெர்ரிக்குப் பேர்போன ஊர்களில் ஒன்று மகாராஷ்டிரத்தின் மகாபலேஷ்வர். அது கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,350 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பொள்ளாச்சி 300 மீட்டரைக்கூடத் தொடாது. 1,000 மீட்டரைத் தாண்டிய வால்பாறையில் வீடு இருந்தால், மைசூர் ராஸ்பெர்ரி என்று உலகம் அழைக்கும் இந்திய வகையை முயன்று பார்க்கலாம். குளிர்நாட்டு ராஸ்பெர்ரி அளவுக்கு அது குளிர் கேட்பதில்லை; அமெரிக்காவின் தென் ஃப்ளோரிடாவில் கடலோரத் தாழ்நிலத்திலேயே காய்க்கிறது. ஆனால் அதற்காக ஆனைமலைக் காட்டில் கண்ணில் படும் செடியைப் பிடுங்கி வரக் கூடாது. அது புலிகள் காப்பகம், சட்டப்படி குற்றம். அனுமதி பெற்ற நாற்றங்காலில்தான் வாங்க வேண்டும். இந்தச் செடி எல்லை மீறிப் பரவும் என்பதையும் மறக்கக் கூடாது. காலாபகஸ் தீவுகளில் கொண்டுபோய் நட்ட இதே வகை, அங்குள்ள காடுகளை மூடிப் பெரும் தலைவலியாகிவிட்டது.

சமவெளியில் இருக்கிறவர்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் வேறொரு பழம் இருக்கிறது. மல்பெரி. உடுமலை, பொள்ளாச்சி வட்டாரத்தில் இந்தச் செடியைத் தெரியாத விவசாயி இல்லை. வெண்பட்டுக்கூடு உற்பத்திக்காக ஏக்கர் கணக்கில் வளர்க்கிறார்கள். 100 கிராம் மல்பெரிப் பழத்தில் ஏறக்குறைய 36 மில்லிகிராம் வைட்டமின் சி இருக்கிறது. ராஸ்பெர்ரியில் இருப்பது 26 மில்லிகிராம்தான். முள் கிடையாது, பந்தல் வேண்டாம், கோடையையும் தாங்கும். இத்தனை இருந்தும் வீட்டுத் தோட்டத்தில் பழத்துக்காக இதை வைத்திருப்பவர்கள் குறைவு. வைத்தவர்களில் சிலரும் “செடி ஆள் உயரம் போயிருச்சு, பழத்தைத்தான் காணோம்” என்று குறைப்படுகிறார்கள்.

காரணம், இங்கே மல்பெரி பற்றிக் கிடைக்கும் வழிகாட்டுதல் எல்லாம் தழைக்கானது. பட்டு விவசாயி ஆண்டுக்கு 5 முறை போலத் தண்டோடு அறுத்துப் புழுவுக்குப் போடுகிறார். காய் பழுக்கும் முன்பே பெரும்பாலும் அறுவடை முடிந்துவிடும். வரப்போரம் வெட்டாமல் விட்ட செடியில்தான் கறுத்த பழம் கொத்துக் கொத்தாகத் தெரியும். பட்டுத் தோட்டத்து உர அளவும் அப்படித்தான். மைசூரில் உள்ள மத்தியப் பட்டு ஆராய்ச்சி, பயிற்சி நிறுவனம் உருவாக்கிய வி1 ரகத்துக்குப் பரிந்துரை ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 350 கிலோ தழைச்சத்து, 140 கிலோ மணிச்சத்து, 140 கிலோ சாம்பல் சத்து. இலை அகலமாக, ஈரப்பசையோடு வர வேண்டும் என்பதற்கான கணக்கு அது. அதே பாணியில் யூரியா போட்டால் பொடக்காளியிலும், அதாவது வீட்டுக் கொல்லையிலும், இலைதான் குவியும். பழம் வேண்டுமென்றால் வெட்டுவது, உரமிடுவது இரண்டையும் மாற்றிக்கொள்ள வேண்டும். மற்றபடி செடி ஒன்றே.

குச்சி தேர்வு

நாற்றாக வாங்குவதைவிட விதைக்குச்சி வெட்டி நடுவது நல்லது. பக்கத்துத் தோட்டத்தில் கேட்டால் கொடுப்பார்கள். கவாத்து செய்த குச்சி எப்படியும் வரப்பில்தான் கிடக்கும். ஒரே ஒரு நிபந்தனை: பழம் பிடித்ததைக் கண்ணால் பார்த்த செடியிலிருந்துதான் குச்சி எடுக்க வேண்டும். மல்பெரியில் பெரும்பாலும் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. ஆண் செடிக் குச்சியை நட்டால் எத்தனை வருடம் காத்திருந்தாலும் பூ பூத்து உதிர்ந்துபோகும். பெண் செடிக்கோ துணைக்கு ஆண் செடி இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. பல ரகங்கள் மகரந்தம் படாமலேயே பழம் பிடிக்கும். அதனால் ஒரு வீட்டுக்கு ஒரு செடி போதும்.

விரல் நீளத்துக்கும் மேல் தொங்கும் பழம் தரும் நீள மல்பெரி ஒட்டுக்கன்றுகளும் விற்பனைக்கு வருகின்றன. சுவை நன்றாக இருக்கும், விலை கூடுதல். முதல் செடிக்கு நாட்டில் பழகிய ரகமே போதும். நர்சரியில் ராஸ்பெர்ரி என்றோ பிளாக்பெர்ரி என்றோ சொல்லி மல்பெரியைத் தருவதும் நடக்கிறது. சோதிப்பது எளிது: இலைக்காம்பை ஒடித்தால் வெள்ளைப் பால் கசியும், தண்டில் முள் இருக்காது, இலை ஒற்றையாக இருக்கும். அது மல்பெரி. ராஸ்பெர்ரித் தண்டில் சிறு முட்கள் உண்டு. ஒரே காம்பில் மூன்று, ஐந்து என்று சிற்றிலைகள் பிரிந்திருக்கும்.

6 முதல் 8 மாதம் முற்றிய கிளையின் நடுப்பகுதியை எடுக்க வேண்டும். நுனி இளசாக இருப்பதால் அழுகும். அடிப்பாகம் கட்டைபாய்ந்து வேர்விடத் தாமதிக்கும். சுண்டுவிரல் தடிமனில், 15 முதல் 20 சென்டிமீட்டர் நீளத்தில், நான்கு மொட்டு இருக்கும்படி வெட்டிக்கொள்ளலாம். அடியைச் சாய்வாகவும் மேல்நுனியை நேராகவும் வெட்டினால் எது தலை, எது கால் என்ற குழப்பம் வராது. குச்சியைத் தலைகீழாகச் செருகிவிட்டு முளைக்கவில்லை என்பவர்கள் நிறையப் பேர். அரிவாளால் ஓங்கி வெட்டினால் பட்டை பிளந்து, அந்தப் பிளவு வழியே அழுகல் ஏறும். கவாத்துக் கத்தரி இல்லாவிட்டால் கூரான கத்தியைப் பயன்படுத்தலாம்.

லிட்டருக்கு 25 கிராம் வீதம் அசோஸ்பைரில்லம் கரைத்த தண்ணீரில் குச்சிகளை அரை மணி நேரம் நிறுத்தி வைத்தால் வேர் திடமாகப் பிடிக்கும். பிறகு செம்மண், மணல், மக்கிய தொழுஎரு மூன்றையும் சம அளவில் கலந்து பாலிதீன் பையில் நிரப்பி, ஒரு மொட்டு மட்டும் வெளியே தெரியும்படி குச்சியைச் சாய்த்து ஊன்ற வேண்டும். அரைநிழலில் வைத்து, மண் காயாமலும் சேறாகாமலும் பார்த்துக்கொண்டால் இரண்டு வாரத்துக்குள் மொட்டு பச்சை விடும். அதைப் பார்த்ததும் வேர் வந்துவிட்டது என்று பிடுங்கிப் பார்க்கக் கூடாது. முதல் இலைகள் குச்சியில் சேர்ந்திருக்கும் சத்தில் வருபவை. வேர் பின்னால்தான் வரும். மூன்று, நான்கு மாதம் பையிலேயே இருக்கட்டும். ஒரு செடி வேண்டுமென்றாலும் ஐந்தாறு குச்சி ஊன்றுவதுதான் புத்திசாலித்தனம்.

இடமும் குழியும்

பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று பொள்ளாச்சிக்குப் பெரிய வரம். ஆனால் ஆனி, ஆடியில் அது இளங்கிளைகளை முறிக்கும், இலையைக் கிழிக்கும். காற்று மேற்கிலிருந்து வருவதால் வீட்டுக்குக் கிழக்குப் பக்கம்தான் மல்பெரிக்கு வாகான இடம். சுவர் காற்றைத் தடுக்கும், காலை வெயில் முழுதாகக் கிடைக்கும். ஒரு நாளைக்கு 6 மணி நேர வெயில் இல்லாத இடத்தில் பழம் குறையும், இருக்கிற பழமும் புளிக்கும்.

பொள்ளாச்சியில் தென்னை இல்லாத வீட்டுத் தோட்டம் அபூர்வம். அதனால் தென்னைக்கு அடியில் இடம் இருக்கிறதே என்று அங்கே நடத் தோன்றும். நட வேண்டாம். நிழல் ஒரு காரணம். இன்னொரு காரணம் சுருள் வெள்ளை ஈ. இந்தியாவில் அதை முதலில் கண்டுபிடித்ததே பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளில்தான், 2016ல். ஓலையின் அடியில் இருந்து அது சிந்தும் தேன் போன்ற கழிவு கீழே இருக்கும் செடிகளின் மேல் விழும். அதன்மேல் கரும்பூசணம் படரும். மல்பெரி இலை கறுத்துப்போனால் செடி உணவு தயாரிக்க முடியாது, பழமும் பிசுபிசுக்கும். ஓலை விரிப்புக்கு வெளியே நான்கைந்து அடியாவது தள்ளி நடுவது பாதுகாப்பு. பப்பாளிக்குப் பக்கத்திலும் வேண்டாம். அதற்கான காரணம் பூச்சிகளைப் பற்றிச் சொல்லும்போது வருகிறது.

குழி ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழம். தோண்டி ஒரு வாரம் ஆறப்போட வேண்டும். மேல்மண்ணோடு 10 கிலோ மக்கிய தொழுஎரு, அரைக் கிலோ வேப்பம்புண்ணாக்கு, கொஞ்சம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து நிரப்பலாம். பொள்ளாச்சிச் செம்மண்ணுக்கு இது போதும். கிணத்துக்கடவு, நெகமம் பக்கத்துக் கருமண்ணில் தண்ணீர் நிற்கும். அங்கே அடியில் சரளை போட்டு, செடியை மண்மட்டத்துக்கு அரை அடி மேலே மேடு கட்டி நடுவது அவசியம். வேரழுகல் வந்த மல்பெரியைக் காப்பாற்றுவது கடினம். வராமல் பார்த்துக்கொள்வதற்கு இந்த மேடுதான் முதல் காவல்.

தென்மேற்குப் பருவச் சாரல் மண்ணை நனைத்த பிறகு, ஆனிக் கடைசியிலோ ஆடியிலோ நடுவது நல்லது. தவறினால் ஐப்பசி மழைக்குப் பிறகு நடலாம். சுவரிலிருந்தும் அடுத்த மரத்திலிருந்தும் 10 அடி விட வேண்டும். மல்பெரி வேர் ஆழமாகவும் தூரமாகவும் ஓடும் என்பதால் கழிவுநீர்த் தொட்டி, தண்ணீர்க் குழாய் இருக்கும் பக்கம் தவிர்க்க வேண்டும்.

மொட்டை மாடியில்தான் இடம் என்றால் ஒன்றரை அடி விட்டமுள்ள வளர்ப்புப் பையிலோ, அடியில் துளையிட்ட பழைய டிரம்மிலோ வைக்கலாம். கலவைக்குத் தென்னை நார்க்கழிவு பொள்ளாச்சியில் மலிவாகக் கிடைக்கும். ஆனால் ஆலையிலிருந்து வந்த பச்சை நார்க்கழிவை அப்படியே கொட்டக் கூடாது. அதில் உப்பும் துவர்ப்பொருளும் அதிகம். நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை ஊறவைத்துக் கழுவ வேண்டும் அல்லது மக்கவைத்த நார்க்கழிவு உரமாக வாங்க வேண்டும். நிறைய இருந்தால் வீட்டிலேயே மக்கவைக்கலாம். ஒரு டன் நார்க்கழிவுக்கு 5 கிலோ யூரியா, 5 புட்டி சிப்பிக்காளான் வித்து என்பது கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கணக்கு.

மார்கழிக் கவாத்து

நட்ட முதல் வருடம் பழத்தை எதிர்பார்க்காமல் மரத்துக்கு உருவம் கொடுக்க வேண்டும். தண்டு மூன்று அடியைத் தாண்டியதும் நுனியை வெட்டிவிட்டால் பக்கக்கிளைகள் வரும். நாலு திசைக்கு ஒன்றாக நான்கைந்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அடியோடு நீக்கலாம். இதைச் செய்யாவிட்டால் இரண்டாம் வருடமே 15 அடிக்கு ஏறிவிடும். பிறகு பழம் குருவிகளுக்குத்தான் எட்டும்.

மல்பெரி பழைய மரத்தில் பூப்பதில்லை. புதிதாகக் கிளம்பும் தளிரின் இலைக்கணுவில்தான் பூ வைக்கும். ஆகவே எப்போது வெட்டி, இலையை உருவுகிறோமோ அதைப் பொறுத்துத்தான் பழம் வரும் மாதம் அமையும். இதுதான் வீட்டுக்காரர் கையில் இருக்கும் திறவுகோல். ஆடியில் வெட்டினால் ஐப்பசி மழையில் பழுக்கும். தண்ணீர் ஏறிச் சப்பென்று இருக்கும், மரத்திலேயே பூசணம் பிடிக்கும். மார்கழியில் வெட்டினால் மாசி, பங்குனியில் பழுக்கும். அப்போது பகல் வெயில், வறண்ட காற்று, மழை கிடையாது. இனிப்பு அதிகமாக இருப்பது இந்தப் பழத்தில்தான். இரண்டு போகம் எடுக்கலாம் என்றாலும் முழுக் கவாத்தை மார்கழிக்கு ஒதுக்கிவிட்டு, ஆடிக்காற்று அடங்கிய பிறகு ஆவணியில் நுனிகளை மட்டும் லேசாகக் கிள்ளிவிடுவதே மரத்துக்கு நல்லது. பங்குனிப் பழம் முடிந்ததும் சித்திரை வெயிலில் ஒட்ட வெட்டுவது கூடவே கூடாது. நிழலின்றி நிற்கும் தண்டு வெந்துபோகும்.

வெட்டும் முறையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். முந்தைய வருடக் கிளை ஒவ்வொன்றையும் ஒன்றரை முதல் இரண்டு அடி விட்டு, வெளிப்பக்கம் பார்க்கும் மொட்டுக்குக் கால் அங்குலம் மேலே, மொட்டுக்கு எதிர்ப்பக்கம் சரியும்படி வெட்ட வேண்டும். உள்ளே குறுக்கும் நெடுக்குமாக உரசும் குச்சிகளை அடியோடு எடுத்துவிடலாம். பிறகு மிச்சமிருக்கும் இலைகளைக் கையால் கிள்ள வேண்டும். மேலிருந்து கீழாக ஒரே இழுப்பில் உருவினால் கணுவில் இருக்கும் மொட்டும் பட்டையோடு கிழிந்து வந்துவிடும். காம்பைப் பிடித்து மேல்நோக்கி ஒடித்தால் மொட்டு தப்பும். பத்து நாளில் கணுக்கள் பருக்கும். தளிர் விரியும்போதே அதன் இடுக்கில் பச்சைத் திப்பிலி போல ஒன்று எட்டிப் பார்க்கும். அதுதான் பூங்கொத்து, பிறகு அதுவே பழம். வெட்டியதிலிருந்து கறுத்த பழம் வரை ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும்.

கவாத்து முடிந்த அன்றே மரத்தைச் சுற்றி வட்டம் எடுத்து 10 கிலோ தொழுஎருவோ 4 கிலோ மண்புழு உரமோ போட்டு, இரண்டு கை மரச்சாம்பல் தூவி, நிறையத் தண்ணீர் விடலாம். கொடுமுடி டாக்டர் நடராஜன் பிரபலப்படுத்திய பஞ்சகவ்யத்தை 3 சதவீதக் கரைசலாக, அதாவது 10 லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி, தளிர் வந்ததும் ஒருமுறையும் காய் பிடித்ததும் ஒருமுறையும் தெளிக்கிறவர்கள் கொங்குப் பகுதியில் பலர். யூரியா வேண்டாம். உரிமட்டையைக் குழிவான பக்கம் கீழே பார்க்கும்படி அடுக்கி மூடாக்குப் போட்டால் கோடையில் தண்ணீர் மிச்சமாகும். வளர்ந்த மரத்துக்குச் செம்மண்ணில் வாரம் ஒருமுறை நன்றாகப் பாய்ச்சினால் போதும். காய் பிடித்த பிறகு மட்டும் மண் காயவிடக் கூடாது. காய்ந்தால் சிவப்புக் காயாகவே உதிர்ந்துவிடும்.

பூச்சியும் குருவியும்

நுனி இலைகள் சுருண்டு தடித்து, கரும்பச்சையாக முறுக்கிக்கொண்டால் அது இளஞ்சிவப்பு மாவுப்பூச்சியின் வேலை. பட்டு விவசாயிகள் இதை டுக்ரா என்பார்கள். நுனியை மூன்று விரற்கடை கிள்ளி, ஒரு பையில் போட்டு எரித்துவிட வேண்டும். கீழே போட்டால் எறும்பு திரும்பவும் மேலே சேர்க்கும். கிரிப்டோலீமஸ் என்ற பொறிவண்டு இதன் நேர் எதிரி.

பப்பாளி மாவுப்பூச்சியின் கதை இந்த வட்டாரத்துக்கே சொந்தமானது. 2008ல் கோவையில்தான் இந்தியாவில் அது முதலில் தென்பட்டது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி மூன்றையும் வெள்ளைப் பஞ்சாக மூடிச் சூறையாடியது. விவசாயிகள் மருந்து மேல் மருந்து அடித்தும் அடங்கவில்லை. 2010ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்த அசிரோஃபேகஸ் பப்பாயே என்ற கண்ணுக்குத் தெரிவதே கஷ்டமான குளவியைத் தோட்டங்களில் விட்டார்கள். அந்தக் குளவி செய்ததை எந்த மருந்தும் செய்யவில்லை. இன்றும் அது வயல்களில் இருக்கிறது. வீட்டில் கண்டபடி மருந்தடித்தால் முதலில் சாவது இந்தக் குளவிதான். மாவுப்பூச்சி தெரிந்தால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்து, பிறகு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது காதி சோப்போடு கலந்து மாலையில் தெளித்தால் போதும். பப்பாளியை மல்பெரியிலிருந்து தள்ளி வைக்கச் சொன்னது இதனால்தான்.

மருந்து விஷயத்தில் இன்னொரு பொறுப்பும் உண்டு. பக்கத்தில் புழு வளர்ப்பு மனை இருந்தால், வீட்டுத் தோட்டத்தில் அடிக்கும் ரசாயனம் காற்றில் போய் அவர்கள் மல்பெரி இலையில் படிந்தால்கூடப் புழு செத்துவிடும். ஒரு குடும்பத்தின் ஒரு மாத உழைப்பு அது.

செடி காரணமில்லாமல் வாடி, வளர்ச்சி நின்றால் ஒரு வேரைத் தோண்டிப் பார்க்கலாம். மணிமணியாக முடிச்சு இருந்தால் நூற்புழு. வேப்பம்புண்ணாக்கு வைத்து, மரத்தைச் சுற்றிச் செண்டுமல்லி நட்டால் குறையும். பூவும் கிடைக்கும்.

மைனா, குயில், கொண்டைக்குருவி, அணில் எல்லாவற்றுக்கும் பழம் பழுப்பது மனிதர்களுக்கு முன்பே தெரியும். கவாத்து செய்து ஆறடிக்குள் வைத்த மரமானால் வலை போர்த்துவது சுலபம். பறவைகள் சிக்கிச் சாகாதபடி கண் நெருக்கமான வலையை இறுக்கமாகக் கட்ட வேண்டும். உச்சிக்கிளை ஒன்றை மூடாமல் விட்டால் அவையும் பிழைத்துப்போகும்.

பறிப்பதும் வைப்பதும்

பச்சை, வெளிர்சிவப்பு, அடர்சிவப்பு, கறுப்பு என்று நிறம் மாறும். சிவப்பில் பறித்தால் புளிப்பு. பறித்த பிறகு இனிப்பு ஏறாது. முழுக்கக் கறுத்து, விரலால் தொட்டதும் கையோடு வருவதுதான் பதம். ஒரே கொத்தில் நாலு நிறமும் இருக்கும் என்பதால் தினமும் விடிகாலையில் ஒரு சுற்று வர வேண்டும். நிறைய இருந்தால் அடியில் பழைய வேட்டியை விரித்துக் கிளையை மெல்ல உலுக்கலாம். கையிலும் துணியிலும் ஒட்டும் கறைக்கு முதலில் எலுமிச்சைச் சாறு தேய்க்க வேண்டும். எடுத்ததும் சோப்பு போட்டால் அதன் காரத்தில் கறை நீலமாக மாறி இன்னும் பிடித்துக்கொள்ளும்.

பழத்தைக் கழுவாமல் தட்டையான பாத்திரத்தில் ஒரே அடுக்காகப் பரப்பிக் குளிர்பெட்டியில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். ஜாம் காய்ச்ச ஒரு கிலோ பழத்துக்கு 600 கிராம் சர்க்கரை, இரண்டு எலுமிச்சை. மல்பெரியில் தானாகக் கெட்டியாகும் பொருள் குறைவு. ஒரு அரைப்பழக் கொய்யாவைத் துருவிச் சேர்த்தால் கூழ் இறுகும். கொய்யா பொடக்காளியிலேயே இருக்கும்.

மார்கழியில் கழித்த தழையை வீணாக்க வேண்டாம். வேப்பெண்ணெய் அடித்து இரண்டு வாரம் ஆகியிருந்தால் ஆடு மாடுகளுக்குத் தாராளமாகப் போடலாம். மல்பெரித் தழையில் புரதம் அதிகம், வெள்ளாடு விரும்பித் தின்னும். முற்றிய குச்சிகளை நான்கு மொட்டு வீதம் நறுக்கி ஈரச்சாக்கில் சுற்றி நிழலில் வைத்தால் இரண்டு நாள் வாடாது. கேட்கிற அக்கம்பக்கத்தாருக்குக் கொடுக்கும்போது, எந்தப் பக்கம் மேலே என்பதை மட்டும் மறக்காமல் காட்டிக் கொடுக்க வேண்டும்.